விமானிக்கும் தூக்கம் வரும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் அடுத்தடுத்து ரத்தாகி, ஊர் ஊராக விமான நிலையங்களில் ஜனங்கள் பெட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தோம். டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ஓடவில்லை. அந்தப் பயணிகள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அப்போது கிளம்பிய ஒரு பேச்சு இன்னும் ஓயவில்லை. "பைலட்டுகளுக்கு ஓய்வு ஓய்வு என்று புதுசாக ஒரு சட்டம் போட்டார்கள், அதனால்தான் இவ்வளவும்" என்று கல்யாண வீட்டில்கூட என் காதுபடச் சொல்கிறார்கள். என் மகன் உள்நாட்டு விமானங்களில் துணை விமானி. அவன் பேச முடியாத இடத்தில் இருக்கிறான். நான் பேசலாம் என்று இதை எழுதுகிறேன்.

அந்த விதி ஒன்றும் திடீரென்று வந்து விழுந்ததில்லை. டிஜிசிஏ என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதை வெளியிட்டது 2024 ஜனவரி 8. அந்த ஜூன் மாதமே அமலுக்கு வந்திருக்க வேண்டும். நிறுவனங்கள் எதிர்த்ததால் தள்ளிப்போனது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விடாமல் வழக்கு நடத்திய பிறகுதான், 2025 ஜூலை 1 அன்று ஒரு பகுதி, நவம்பர் 1 அன்று மீதி என்று நாள் குறித்தார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம். ஆள் எடுக்கவும் பயிற்சி கொடுக்கவும் ரோஸ்டரை, அதாவது யாருக்கு எப்போது வேலை என்கிற அட்டவணையை, மாற்றி எழுதவும் அது போதாதா? திட்டமிட்டதில் கோளாறு என்று இண்டிகோ நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. இருந்தும் கடைசியில் வளைந்து கொடுத்தது விதிதான். இரவு நேரக் கட்டுப்பாடுகளிலிருந்து அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தார்கள். வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்குக் காட்டக் கூடாது என்றிருந்த பிரிவை எல்லா நிறுவனங்களுக்குமே திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

அப்படி என்னதான் கேட்டுவிட்டது அந்த விதி? வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக்கியது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை என்றிருந்த 'இரவு' என்ற கணக்கை 6 வரை நீட்டியது. இரவு வேளையில் ஒரு விமானி ஆறு முறை வரை தரையிறக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. ஆறு எங்கே, இரண்டு எங்கே என்று மலைக்கிறவர்கள் மங்களூரில் நடந்ததை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

2010 மே 22. துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812. முந்தின இரவு மங்களூரிலிருந்து கிளம்பித் துபாய் போய், அதே விமானிகள் அப்படியே திரும்பிய விமானம் அது. காக்பிட் என்கிற விமானிகள் அறையின் ஒலிப்பதிவுக் கருவியில் கடைசி இரண்டு மணி நேரச் சொச்சம் பதிவாகியிருந்தது. அதில் முதல் ஒரு மணி நாற்பது நிமிஷம் கேப்டன் குரலே இல்லை. குறட்டைச் சத்தம்தான் இருந்தது. கீழே இறங்கத் தொடங்கும் வேளையில்தான் அவர் எழுந்திருக்கிறார். விமானம் இருக்க வேண்டியதைவிட அதிக உயரத்தில் இருந்தது, வேகமும் கூடுதல். "கோ அரவுண்ட்", அதாவது இறங்க வேண்டாம், மறுபடி மேலே ஏற்றுங்கள் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். கேப்டன் இறக்கினார். சுமார் 8,000 அடி ஓடுதளத்தில் 5,000 அடிக்கும் மேல் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. மங்களூர் ஓடுதளம் மலை உச்சியைச் சமப்படுத்திப் போட்டது, முடிகிற இடத்தில் பள்ளத்தாக்கு. விமானத்தில் இருந்த 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். 8 பேர் பிழைத்தார்கள். வளைகுடாவில் உழைத்துவிட்டு வீடு திரும்பிய தட்சிண கன்னட, காசர்கோடு மக்கள்தான் அதில் நிறைய.

துணை விமானி மூன்று முறை சொன்னார் என்ற அந்த வரியை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை. என் மகன் உட்காரும் இருக்கை அது.

விசாரணை அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கேப்டனுக்குப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம். சொந்த நாட்டில் விடுப்பு முடித்துச் சில நாள் முன்னால்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். பறப்பதற்கு முன் அவருக்குப் போதுமான ஓய்வு கிடைத்திருந்தது என்று அறிக்கையே சொல்கிறது. அப்படியும் தூங்கினார். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவருக்குக் கொஞ்ச நேரம் புத்தி தெளியாது, உடம்பு தூக்கத்தை வற்புறுத்திக் கேட்கும் பின்னிரவு வேளை அதை இன்னும் மோசமாக்கியிருக்கலாம் என்கிறது அறிக்கை. மொத்தம் எத்தனை மணி நேரம் ஓய்வு கொடுத்தோம் என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்த நேரத்தில் வேலை வாங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இரவுத் தரையிறக்கத்துக்கு வரம்பு வைப்பது அதனால்தான்.

எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். விடியற்காலை விமானம் என்றால் அவன் இரவு ஒன்றரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும். அதற்கு மாலை ஆறு மணிக்கே படுக்க வேண்டும். எந்த உடம்புக்கு ஆறு மணிக்குத் தூக்கம் வரும்? ஜன்னலுக்குக் கறுப்புத் துணி தைத்துப் போட்டிருக்கிறேன். அவன் படுக்கும் நேரத்தில் குக்கர் வைப்பதில்லை, காலிங் பெல்லின் சுவிட்சை அணைத்துவிடுவோம். தெருவில் யாரோ டைல்ஸ் அறுத்தால் நான் போய்க் கெஞ்சிவிட்டு வருவேன். இரண்டு நாள் இப்படி விடியற்காலை வேலை, உடனே அடுத்த டூட்டி நடு இரவில் முடியும். உடம்பு எதைத்தான் பழகும்? ஒரு நாள் சாம்பார் சாதத்தைப் பிசைந்த கை தட்டிலேயே இருக்க, உட்கார்ந்தபடி தூங்கிவிட்டான். தட்டி எழுப்பினால், எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் என்னைப் பார்த்தான். திறமையில்லாமலா, பொறுப்பில்லாமலா தூங்கினான்?

விமானம் ஏறுமுன் விமானி குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். துளி மது தெரிந்தாலும் முதல் முறைக்கே மூன்று மாதம் சஸ்பெண்ட். மது கலந்த மவுத்வாஷுக்குக்கூடத் தடை இருக்கிறது, பற்பசை வாங்கும்போதே மகன் அட்டையைத் திருப்பிப் படிக்கிறான். நல்ல விதி, இருக்கட்டும். ஆனால் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடும் என்று 1990களிலேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 தான். மதுவைக் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. தூக்கமின்மையைக் கண்டுபிடிக்கக் கருவி இல்லை. "நான் களைத்திருக்கிறேன்" என்று விமானி வாயால் சொன்னால்தான் உண்டு.

சொன்னால் என்ன ஆகும்? விமானி ஃபட்டீக் ரிப்போர்ட், அதாவது களைப்பு அறிக்கை, கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. மகனோடு பயிற்சி பெற்ற ஒரு பையன் அப்படிக் கொடுத்தான். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. முந்தின நாள் ஓய்வு நேரத்தில் என்ன செய்தாய் என்று கேட்டுப் போன் மேல் போன். கடைசியில் அது அவன் மருத்துவ விடுப்பில் கழிந்தது. கடன் வாங்கிப் படித்த பிள்ளைகள் இவர்கள். அடுத்த முறை அவன் வாயைத் திறப்பானா?

2024 ஜனவரி 25 அன்று இந்தோனேசியாவில், கெண்டாரியிலிருந்து ஜகார்த்தா போன பாத்திக் ஏர் விமானத்தில் இரண்டு விமானிகளுமே 28 நிமிஷம் தூங்கிவிட்டார்கள். உள்ளே 153 பயணிகள். துணை விமானியின் வீட்டில் ஒரு மாத இரட்டைக் குழந்தைகள், முந்தின நாள்தான் வீடு மாறியிருக்கிறார். கேப்டன் தற்செயலாக விழித்தார், விமானம் பாதை விலகியிருந்தது. தப்பித்தார்கள். பிரிட்டன் விமானிகள் சங்கம் 2013-ல் 500 விமானிகளிடம் கேட்டபோது 56 சதவீதம் பேர் காக்பிட்டில் தூங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், கண் விழித்தபோது பக்கத்தில் இருப்பவரும் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். வெளிப்படையாகக் கேட்டால் உண்மையைச் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

ஒருவர் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் தூங்க, மற்றவர் விழித்திருந்து ஓட்டுவது சில நாடுகளில் அனுமதிக்கப்பட்ட முறை. நீண்ட பயணத்தில் 26 நிமிஷத் தூக்கமே விமானியின் கவனத்தைக் கூர்மையாக்குகிறது என்று நாசா ஆய்வு காட்டியிருக்கிறது. சரி, ஆனால் ஒரு மணி நேரத்தில் முடியும் சென்னை–பெங்களூர் விமானத்தில் அதற்கு இடம் ஏது? ஏறுவதும் இறங்குவதுமே வேலை. அங்கே ரோஸ்டர் ஒன்றுதான் பாதுகாப்பு.

ஆகவே டிஜிசிஏ இனி எந்த நிறுவனத்துக்கும், எந்தப் பண்டிகைக் கூட்டத்துக்காகவும் இரவு விதியில் விலக்கு கொடுக்கக் கூடாது. திரும்பப் பெற்ற பிரிவை மறுபடி கொண்டுவர வேண்டும். விமானி களைப்பு என்று எழுதிக் கொடுத்தால், அதை முடிவு செய்பவர் ரோஸ்டர் போடும் அதிகாரியாக இருக்கக் கூடாது. அப்புறம், நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை களைப்பு அறிக்கைகளையும் எடுத்த நடவடிக்கையையும் டிஜிசிஏவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2024 விதியிலேயே இருக்கிறது. எத்தனை பேர் கொடுத்தார்கள், எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை நிராகரிக்கப்பட்டன என்பதை டிக்கெட் வாங்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா? தகவல் உரிமைச் சட்டத்தில் நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். தங்கள் நிருபர்களும் இதைக் கேட்டு, வரும் பதிலை நிறுவனம் வாரியாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மகனின் வேலையை முன்னிட்டு என் பெயரைத் தவிர்க்கவும்.

இப்படிக்கு,
ஒரு துணை விமானியின் தாய்,
பல்லாவரம், சென்னை