ஓ.எல்.இ.டி. டிவி: கடையில் சொல்லாமல் விடுவது

ஆசிரியருக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்குகிறது, நாளிதழைப் பிரித்தாலே டிவி விளம்பரம்தான். தவணையில் கிடைப்பதால் எங்கள் பெரம்பூர் பக்கம் சாதாரண வீடுகளிலும் ஓ.எல்.இ.டி. டிவி வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். பிக்சர் டியூப் காலத்திலிருந்து டிவி ரிப்பேர் பார்ப்பவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

படத்தில் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கறுப்பு எல்.இ.டி.யில் வராது. எல்.இ.டி. மாதிரி திரைக்குப் பின்னால் விளக்கு (பேக்லைட்) கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. எரிகிற அளவுக்குத் தேயவும் செய்கிறது. கோடாக் நிறுவனத்தின் டாங், வான் ஸ்லைக் இருவரும் 1987-இல் இந்த ஓ.எல்.இ.டி.க்கு வழிகாட்டினார்கள். இத்தனை வருஷமாகியும் நீல ஒளி தரும் பொருள்தான் மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் சோர்கிறது.

‘ஒரு லட்சம் மணி நேரம் உழைக்கும்’ என்பார்கள் கடையில். தினம் 10 மணி நேரம் என்று வகுத்தால் 27 வருஷம்! ஆனால் இந்த மாதிரிக் கணக்கெல்லாம் வெளிச்சம் பாதியாகக் குறைய ஆகும் நேரம். திரை முழுக்க ஒரே சீராகத் தேய்ந்தால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. நம் வீடுகளில் ஓடுவதோ காலை காபியிலிருந்து ராத்திரி வரை ஒரே செய்தி சேனல். மூலையில் லோகோ, கீழே சிவப்புப் பட்டை. அந்த இடம் முதலில் போய்விடுகிறது.

சமீபத்தில் கொளத்தூரில் ஒரு வீட்டுக்குப் போனேன். “கிரிக்கெட் போட்டா மட்டும் அழுக்கா தெரியுதுண்ணே” என்றார் அந்தத் தம்பி. வெறும் சாம்பல் நிறப் படத்தைத் திரையில் போட்டேன். கீழே நீளமாக ஒரு பட்டை. வலது மூலையில் சேனல் பெயர், எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். அவர் அம்மா துடைத்துப் பார்க்க ஈரத்துணியோடு வந்துவிட்டார். வாரண்டி இருந்தது. ஆனால் இப்படித் திரையில் நிழல் படிந்தால் செல்லாது என்று அதிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. எல்.இ.டி. என்றால் பேக்லைட் பட்டையை மாற்றிக் கொடுத்துவிடுவேன். இதில் பேனலையே, அதாவது திரை முழுவதையுமே, மாற்ற வேண்டும். அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்தால் புது டிவி வந்துவிடும். (கடற்காற்றுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரம் பட்டால் உள்ளிருக்கும் பொருள் கெடும் என்பதாலேயே பேனலைக் காற்றுப் புகாமல் அடைத்துத்தான் அனுப்புகிறார்கள். உப்புக் காற்று அரிப்பது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுகளை.)

இன்னொன்று. படுக்கும் முன் சுவர் சுவிட்சையே அணைப்பது நம் பழக்கம். இந்த டிவிகளில் பலவும், ரிமோட்டில் நிறுத்திய பிறகுதான் புள்ளிகளின் தேய்மானத்தை அளந்து சமன் செய்துகொள்கின்றன. கையோடு சுவிட்சை அணைத்தால் அந்த வேலை நடக்காது. இடி மின்னல் நாள் தவிர, மற்ற நாளில் கொஞ்ச நேரம் விட்டு அணையுங்கள். டெலிவரி கொடுக்க வரும் பையன்களுக்கே இது தெரிவதில்லை.

டிவியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கர் கரண்ட் செலவைச் சொல்கிறது, ஆயுளைப் பற்றி ஒரு வரி கிடையாது. நிழல் படிந்தால் வாரண்டி உண்டா இல்லையா என்பதைப் பெட்டியின் மேல், விலைக்குப் பக்கத்திலேயே, தமிழில் பெரிதாக அச்சிட நுகர்வோர் துறை உத்தரவு போட வேண்டும். அதுவரை, நாள் முழுக்கச் செய்தி பார்க்கும் பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு எல்.இ.டி.யே போதும் என்றுதான் நான் சொல்வேன். பக்கத்து ஷோரூம்காரர் இதற்காக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.