மூளையின் குருதியோட்டத்தை அளந்த சிறு உணரிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாரிசவாதம் பற்றி எழுதப்படும் மருத்துவக் குறிப்புகள், மூளைக்குச் செல்லும் குருதி தடைப்படுவதைச் சொல்கின்றனவே தவிர, அக்குருதியின் அளவு எவ்வாறு அறியப்பட்டது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு இது பெருங்குறையாகப் படுகிறது.

1960களில் டென்மார்க்கின் லாசன், சுவீடனின் இங்வார் என்னும் மருத்துவ ஆய்வாளர்கள், கதிரியக்க வாயுவை உவர்நீரில் கரைத்துக் கழுத்து நாடியினூடாக மூளைக்குச் செலுத்தி, அது அங்கிருந்து வெளியேறும் வேகத்தை, கதிர்வீச்சை எண்ணும் சிறு உணரிகளால் அளந்தனர். அவர்கள் முதலில் பயன்படுத்திய வாயுவான கிரிப்தன்-85 வெளிவிடும் பீற்றாத் துணிக்கைகள் இழையத்தினுள் சிறு தூரமே செல்வதால், திறந்த மூளையின் மேற்பரப்பில் மட்டுமே அவற்றை எண்ண முடிந்தது. பின்னர் பயன்படுத்திய வாயுவான செனன்-133 வெளிவிடும் காமாக் கதிர்களோ மண்டையோட்டைக் கடந்து வருவதால், தலையின் பக்கத்தில் உணரிகளை வரிசையாக வைத்தே பகுதி பகுதியாக அளக்க வழி பிறந்தது. குருதி விரைந்தோடும் இடத்தில் எண்ணிக்கை விரைவாகக் குறையும். முறையின் அடிப்படை இவ்வளவுதான், ஆயினும் என்ன அழகான சிந்தனை! அவ்வாயுவின் பெரும்பகுதி நுரையீரலை அடைந்ததும் வெளிமூச்சுடன் கழிந்துவிடும் என்பதைக் கதிரியக்கம் என்றாலே அஞ்சுவோர் அறிய வேண்டும்.

100 கிராம் மூளை இழையத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் குருதி பாய்கிறது. அது 20க்குக் கீழே இறங்கினால் செயற்பாடு குன்றும். 10 அளவில் கலங்கள் மீளாது அழியத் தொடங்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இழையத்தைக் குறுகிய நேரத்துக்குள் மட்டுமே காப்பாற்றலாம் என்பதால், துணுக்காயிலிருந்தோ முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்தோ நோயாளியைக் கொண்டுசெல்லும் உறவினர்களுக்கு இந்த எண்கள் மிகவும் வேண்டியவை. இவற்றை எளிய வரைபடத்துடன் தங்கள் பத்திரிகை வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

பௌதிகவியல் ஆசிரியர்,
கிளிநொச்சி.