காயம்பட்ட பிள்ளைக்கும் கல்லூரியில் இடம் இருக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி அணிகள் கோப்பையோடு நிற்கும் படம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. நடுவில் கல்லூரி முதல்வர், பக்கத்தில் கோச், முன்வரிசையில் முட்டி போட்டு உட்கார்ந்த பிள்ளைகள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அதிலும் வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டைப் பிள்ளைகள் யாராவது அதில் இருந்துவிட்டால் எங்கள் தெருவில் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து பத்திரமாக வைத்துக்கொள்வோம். ஆனால் போன வருஷப் படத்தில் இருந்த பிள்ளை இந்த வருஷப் படத்தில் ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. முட்டி போயிருக்கும், தோள்பட்டை கழன்றிருக்கும், இல்லை கோச்சிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பாள். அப்படிக் காணாமல் போகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் துறைமுகத்தில் வேலை பார்ப்பவன். வயசில் கபடி ஆடியவன். என் மகள் நகரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்து கபடி ஆடுகிறாள். ஃபீஸ் கிடையாது. அந்தச் சலுகை இல்லையென்றால் அந்தக் கல்லூரியின் கேட்டைக்கூட நாங்கள் தாண்டியிருக்க மாட்டோம். வடசென்னையில் நிறைய வீடுகளுக்கு விளையாட்டு என்பது மேலே ஏறிப்போக இருக்கிற ஒரே படி. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள், அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு, முதலமைச்சர் கோப்பையில் தனிநபர் போட்டியில் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய், இந்தக் கணக்கெல்லாம் எங்கள் பகுதியில் எட்டாவது படிக்கிற பிள்ளைக்கே தெரியும். அதனால் ஒரு சர்டிபிகேட்டுக்காக எதையும் தாங்கிக்கொள்வார்கள், வலியையும் தாங்குவார்கள், திட்டையும் தாங்குவார்கள்.

இப்படித் தாங்குகிற பிள்ளையின் சீட்டு, டீமில் இடம், மருத்துவ முடிவு, சர்டிபிகேட் நாலும் ஒரே ஆளின் கையில் இருக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான். செலக்ஷன் செய்வதும் கோச்தான், காயம் ஆறிவிட்டதா இல்லையா என்று முடிவு செய்வதும் கோச்தான், அடுத்த வருஷம் ஃபீஸ் சலுகை தொடர வேண்டும் என்று கையெழுத்துப் போடுவதும் அவர்தான். அப்புறம் அந்தப் பிள்ளை எப்படி 'சார், வலிக்குது' என்று வாய் திறக்கும்?

போன வருஷம் பயிற்சியில் ரெய்டு போய்த் திரும்பும்போது என் மகளுக்கு முட்டி திருகிக்கொண்டது. உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்டதாக அவளே சொன்னாள். கபடி ஆடியவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கே ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். மண்டலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்ததால் ஸ்பிரே அடித்து, முட்டி உறை மாட்டி, மறுநாளும் அவளை ஆட்ட விரிப்பில் (மேட்) இறக்கினார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்தபோது முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. நான் கல்லூரிக்கு வந்து பேசுகிறேன் என்றதும், "வேணாம் நைனா, நீ வந்து கேட்டா அடுத்த செலக்ஷன்ல என் பேரே இருக்காது, அப்புறம் ஃபீஸ் கட்டுன்னு நிப்பாங்க" என்று அழுதாள். கடன் வாங்கி ஸ்கேன் எடுத்தோம். ஏ.சி.எல். என்கிற முழங்கால் சவ்வு பாதி கிழிந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போனவளிடம், "எங்க காலத்துல இதையெல்லாம் பார்த்துட்டா இருந்தோம், மனசுல தெம்பு இருந்தா கால் தானா ஓடும்" என்றாராம் கோச்.

அவரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. வெளியூர்ப் போட்டி முடிந்து சென்ட்ரலில் ராத்திரி இறங்கினால் ஒவ்வொரு பெண்ணையும் பஸ் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார், கைக்காசு போட்டு ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அவருக்கும் தொகுப்பூதியம்தான், வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், கோப்பை வரவில்லையென்றால் நிர்வாகம் கூப்பிட்டுக் கேட்கும். நிர்வாகம் அவரை நெருக்குகிறது, அவர் பிள்ளைகளை நெருக்குகிறார். ஆளை மாற்றுவதால் இது தீராது என்று அதனால்தான் சொல்கிறேன், புதிதாக வருகிறவரும் அதே நாற்காலியில்தான் உட்காரப் போகிறார்.

முழங்கால் சவ்வு கிழிந்தால், அதிலும் அறுவை செய்துகொண்டால், ஒன்பது மாதத்துக்கு முன்னால் போட்டியில் இறங்குவது மறுபடி கிழித்துக்கொள்ளவே வழி என்று விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் பல மடங்கு அதிகம் வருகிறது என்பதும் அவர்கள் சொல்வதுதான். மண் தரையிலும் சிமெண்ட் தரையிலும் பிராக்டிஸ் செய்துவிட்டு போட்டிக்கு மட்டும் விரிப்பில் இறங்குகிற எங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடத்தான் இருக்கும். ஆனால் கல்லூரியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் கிடையாது. கோப்பைகளை அடுக்கக் கண்ணாடி அலமாரி மட்டும் இருக்கிறது.

இந்த இடத்தில் வியாசர்பாடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 நவம்பரில் கல்லூரி முதலாம் ஆண்டு படித்த 17 வயது கால்பந்து வீராங்கனை ஒருவர், முழங்கால் சவ்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு போட்ட இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலை எடுத்தும் காப்பாற்ற முடியாமல் 15-ம் தேதி இறந்துபோனார். அது சிகிச்சையில் நடந்த தவறு, கோச்சுகள் தலையில் அதைக் கட்ட நான் வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கள் பகுதியில் முட்டி வலி என்று பிள்ளை சொன்னாலே வீட்டில் கை கால் ஓடுவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம், போகாமல் இருக்கவும் பயம், கல்லூரியில் கேட்டால் ஸ்பிரே. நல்ல எலும்பு மருத்துவர் யார், எங்கே காட்டுவது, கூட யார் வருவது என்று வழிகாட்ட ஒருத்தர் வேண்டும், அதைச் செய்ய வேண்டியது அந்தப் பிள்ளையை வைத்துப் பெயர் வாங்குகிற கல்லூரி.

காயத்தைக் கோச்சே பார்த்துக்கொள்வதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது, பெண்ணைப் பெற்றவனாக இதை எழுதவே கை கூசுகிறது. 2021 மே மாதம் பூக்கடை அனைத்து மகளிர் போலீசார் ஒரு தடகளப் பயிற்சியாளரைக் கைது செய்தார்கள். அவர் மீது வந்த புகாரே பிசியோதெரபி என்ற பெயரில் அத்துமீறினார் என்பதுதான், ஒரு பெண் வாயைத் திறந்த பிறகு இன்னும் சிலர் முன்வந்தார்கள். அவ்வளவு காலம் ஏன் பேசவில்லை என்று அப்போது கேட்டவர்களுக்கு, என் மகள் வெறும் முட்டி வலியைச் சொல்லவே எவ்வளவு பயந்தாள் என்பதுதான் என் பதில். 2013-ல் வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் விளையாட்டுப் பயிற்சி நிலையம், ஸ்டேடியம், போட்டி நடக்கிற இடம் எல்லாவற்றையும் பணியிடம் என்றே சொல்கிறது. 2015-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கொண்டுவந்த விதிப்படி கல்லூரிகளின் உள்புகார்க் குழுவில் மாணவர் விவகாரம் வந்தால் மாணவர் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். சரி, கிரவுண்டில் எந்தச் சுவரில் அந்தக் குழுவின் போன் நம்பர் ஒட்டியிருக்கிறது? ஆபீஸ் வராந்தாவில் ஒட்டினால் விடியற்காலை ஐந்தரைக்கு வந்து ஏழரைக்குக் கிளம்புகிற பிள்ளை அதை எப்போது பார்க்கும்?

வெளிநாட்டிலும் இதெல்லாம் நடந்திருக்கிறது, நடந்த பிறகு அங்கே விதியை மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1997 நவம்பர், டிசம்பரில் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் எடை குறைக்கப் போய் இறந்தார்கள், தண்ணீர் குடிக்காமல், ரப்பர் உடை போட்டு வியர்க்க வைத்து. அதற்குப் பிறகு அங்கே கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடை தடை செய்யப்பட்டது, எடை பார்க்கும் நேரத்தையும் போட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். 2018-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் கால்பந்து (அவர்கள் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்து) பயிற்சி ஓட்டத்தில் சுருண்டு விழுந்த 19 வயது மாணவர் வெப்பத் தாக்கால் இறந்தார், உடனே குளிர்ந்த நீரில் இறக்கியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பிருந்தது. பல்கலைக்கழகத் தலைவர் சட்டப்படியும் தார்மீகப்படியும் பொறுப்பு எங்களுடையது என்று வெளிப்படையாக ஏற்றார், தலைமைக் கோச்சையும் அந்த வருஷமே நீக்கினார்கள். நம் ஊரில் சித்திரை வெயிலில் மூணு மணிக்கு கிரவுண்டில் ஓட விடுகிறோம். ஒரு டிரம் தண்ணீரும் நாலு ஐஸ் பாளமும் வாங்கி வைக்க எவ்வளவு ஆகும்? காசிமேட்டில் ஐஸுக்கா பஞ்சம்?

எடை குறைப்பு எங்கள் பகுதி பாக்சிங் பையன்களுக்குப் பழகிப்போன விஷயம். ரெயின்கோட் போட்டு வெயிலில் ஓடுவது, எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பது, போட்டிக்கு முந்தின ராத்திரி ஒரு வாய் தண்ணீர்கூட இல்லாமல் படுப்பது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 100 கிராம் கூடியதால் ஃபைனலை இழந்தபோது ஊரே அழுதது, ராத்திரி முழுக்க அவர் உடம்பை என்ன பாடு படுத்தினார் என்று எல்லோரும் பேசினோம். அவரைச் சுற்றி டாக்டரும் டயட்டீஷியனும் இருந்தார்கள். இங்கே பத்தொன்பது வயசுப் பையன் அதையே யாரும் இல்லாமல் செய்கிறான்.

பெண் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றிப் பேச யாருமே இல்லை. காலையில் வெறும் வயிற்றில் பஸ் ஏறி, ரெண்டு மணி நேரம் ஓடி, டீயும் பன்னும் தின்றுவிட்டு கிளாஸுக்குப் போகிறார்கள், சாயங்காலம் மறுபடி பிராக்டிஸ். மாதவிடாய் தள்ளிப்போகிறது, சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் வருவதே இல்லை. போட்டிக்கு இதுவும் நல்லதுதான் என்று சொல்கிற கோச்சுகள் இருக்கிறார்கள் என்று என் மனைவியிடம் பெண்கள் சொன்னார்களாம். செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாததால் எலும்பு முதல் மனசு வரை கெடுகிற நிலை இது என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே எச்சரித்துவிட்டது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் நம் கல்லூரி மைதானங்களுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

இதையெல்லாம் பேசினால் எங்கள் ஆட்களே, கஷ்டப்படாமல் மெடல் வருமா, அந்தக் காலத்து பாக்சிங் வாத்தியார்கள் அடித்து வளர்க்கவில்லையா என்கிறார்கள். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று பேர் வாங்கின மண் இது, எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் தன் பையன் இனித் தாங்க மாட்டான் என்று தெரிந்தால் துண்டை எடுத்து ரிங்குக்குள் வீசுவதும் வாத்தியார்தானே? தலையில் அடிவாங்கி நாக் அவுட் ஆனவனைக் குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏற்றக்கூடாது என்று பாக்சிங்கில் விதியே இருக்கிறது, ரிங் ஓரத்தில் இருக்கிற டாக்டர் போதும் என்றால் அங்கே கோச் பேச்சு எடுபடாது. இவ்வளவு முரட்டு ஆட்டத்திலேயே இது முடிகிறபோது கல்லூரிக் கபடியிலும் கால்பந்திலும் ஏன் முடியாது? வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்த நந்தகுமார் சேகர் இந்திய அணி வரை போனார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஆட்டோ ஓட்டும் அவருடைய அப்பா. நல்லபடியாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு எங்கள் பகுதியில் குறைவில்லை.

எனவே உயர்கல்வித் துறையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து செய்ய வேண்டியது என்று நான் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளை காயம்பட்டு ஆட முடியாமல் போனாலும் படிப்பு முடிகிற வரை சீட்டும் ஃபீஸ் சலுகையும் ஹாஸ்டலும் தொடரும் என்று அரசாணையாக வர வேண்டும், அட்மிஷன் போடும்போதே கையில் எழுதிக் கொடுக்க வேண்டும். இது ஒன்று நடந்தாலே பாதிப் பயம் போய்விடும். காயத்துக்குப் பிறகு ஆடலாமா என்பதை டாக்டரோ பிசியோவோ எழுதிக் கொடுக்க வேண்டும், கோச் அதில் தலையிடக்கூடாது. ஒரு கல்லூரியால் தனியாக பிசியோ வைக்க முடியாவிட்டால் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துக் கல்லூரிகள் நாலைந்து சேர்ந்து ஒருவரை வைக்கட்டும். கோச்சுகளின் வேலையும் கோப்பைக் கணக்கில் தொங்கக்கூடாது, இத்தனை பிள்ளைகளைச் சேர்த்தாய், அதில் எத்தனை பேர் மூன்று வருஷமும் நல்லபடியாக ஆடிப் படித்து முடித்தார்கள் என்று அவர்களிடம் கேட்கட்டும்.

என் மகள் இப்போது ஆடவில்லை, கால் தேறிவருகிறது. அவள் சீட்டு என்ன ஆகும் என்று கல்லூரி இன்னும் பதில் சொல்லவில்லை. அதனால் பெயர் போடாமல் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் செய்தியாளர் ஒருவரை அனுப்பி, சென்னைக் கல்லூரிகளில் மூன்று வருஷத்துக்கு முன் விளையாட்டு ஒதுக்கீட்டில் எத்தனை பேரைச் சேர்த்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் படிக்கிறார்கள், நின்றுபோனவர்கள் எதனால் நின்றார்கள் என்று ஒவ்வொரு கல்லூரியாகக் கேட்டு, கோப்பைப் படம் போடுகிற அதே பக்கத்தில் கல்லூரிப் பெயரோடு போடுங்கள். பதில் சொல்ல மறுக்கிற கல்லூரியின் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கபடி வீராங்கனையின் தந்தை,
தண்டையார்பேட்டை, சென்னை-81.