சூரிய மின்சாரத்தைச் சேமிக்க வழி வேண்டும்

ஆசிரியருக்கு,

காபன் உமிழ்வு என்றதும் சனத்தொகைப் பெருக்கத்தையே பலரும் குறை கூறுகிறார்கள். அது ஒரு பகுதிதான். மக்களின் வருமானம், உற்பத்திக்குச் செலவாகும் சக்தி, அந்தச் சக்தி எதை எரித்துக் கிடைக்கிறது என்பதெல்லாம் சேர்ந்தே உமிழ்வைத் தீர்மானிக்கின்றன. 900 மெகாவாற் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இயங்கும்வரை யாழ்ப்பாணத்து மின்விசிறிகளும் ஓரளவு நிலக்கரியில்தான் சுழல்கின்றன.

2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், மின்தேவை குறைந்ததால் கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்கச் சொன்னது இலங்கை மின்சார சபை. கடன்பட்டுத் தகடு பூட்டியவர்கள், கொளுத்தும் வெயிலில் ஆளியை அணைப்பதா? எவ்வளவு பெரிய வீண்! 2030இல் 70 வீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து என்பது அரசின் இலக்கு. பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் பெரிய மின்கலத் தொகுதிகள் இல்லாமல் அது கைகூடாது.

போக்குவரத்தும் அப்படியே. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சைக்கிளில் ஓடிய ஊர் இது. அந்த வறுமை மீண்டும் வேண்டாம். ஆனால் இன்று ஆஸ்பத்திரி வீதியில் பிள்ளைகளைச் சைக்கிளில் அனுப்பப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். வசதி வந்ததும் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பாடசாலை வீதிகளிலாவது சைக்கிளுக்குத் தனிப்பாதை ஒதுக்குமாறு மாநகர சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.