மானிட்டரை யார் பார்க்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, கழுத்து வழியாக சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய ரத்தக்குழாய் வரை செல்லும் குழாய்) போடுவதை ‘அன்றாட வேலை’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. 16 ஆண்டுகளாக ஐ.சி.யூ.வில் செவிலியராக இருக்கும் என்னை அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

குழாய்க்கு முன்னால் கைடு வயர் என்ற மெல்லிய கம்பி உள்ளே போகும். அதன் நீளம் பெரும்பாலும் 60 செ.மீ. பெரியவர்களுக்கு வலது கழுத்திலிருந்து இதயத்தின் வாசல் ஏறத்தாழ 16 முதல் 18 செ.மீ. தூரம்தான். கம்பி அதைத் தாண்டினால் இதயச் சுவரில் உரசும், துடிப்பு இடறும். பெரும்பாலும் ஓரிரு எக்டோபிக் (இடையில் முந்திவரும் துடிப்பு) வந்து, கம்பியைச் சற்று இழுத்ததும் அடங்கிவிடும். பொட்டாசியம், மக்னீசியம் குறைந்து கிடப்பவருக்கு அப்படி அடங்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஓர் இரவுப் பணியில் அதைக் கண்ணால் பார்த்தேன். மருத்துவர் மானிட்டருக்கு முதுகு காட்டிக் குனிந்திருந்தார். நோயாளியின் முகம் துணிக்கு அடியில். ஓயாமல் அடிக்கிறது என்று அலாரத்தை யாரோ நிறுத்தியிருந்தார்கள். மார்பைச் சுத்தம் செய்வதற்காக ஈ.சி.ஜி. லீடு ஒன்றை எடுத்திருந்ததால், திரையில் கோடுகள் தாறுமாறானபோது அசைவினால்தான் என்று எல்லோரும் நினைத்தோம். விரலில் நாடித்துடிப்பைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அலை படுத்துவிட்டதைக் கண்ட பிறகே அது வி.டி. (இதயத்தின் கீழறைகள் கட்டுப்பாடின்றி வேகமாகத் துடிக்கும் ஆபத்தான நிலை) என்று புரிந்தது. கம்பியை உருவியும் நிற்கவில்லை. ஷாக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அவர் பேசினார். அந்தச் சில நொடிகள் இன்னும் என்னை விடவில்லை.

கம்பியில் 10 செ.மீ.க்கு ஒருமுறை குறி உண்டு. செலுத்துபவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மானிட்டரின் ஒலி காதில் விழ வேண்டும். வேறெந்த வேலையும் இல்லாமல் திரையை மட்டும் பார்க்க ஒருவர் நிற்க வேண்டும். ஆள் பற்றாக்குறை என்ற பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. நுரையீரல் தமனி வரை போகும் குழாய் என்றால் இன்னும் கவனம் தேவை. ஏற்கெனவே எல்.பி.பி.பி. (இதயத்தின் இடப்பக்க மின்பாதையில் தடை) உள்ளவருக்கு இதயத்தின் வலப்பக்க மின்பாதையும் அடிபட்டால், கீழறைகளுக்குத் துடிப்பு போய்ச் சேராது. இதயத்தை மின்சாரத்தால் துடிக்கவைக்கும் பேஸிங் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன், “அந்த நேரத்தில் மானிட்டரை யார் பார்ப்பார்கள்?” என்று உறவினர்கள் தயங்காமல் கேட்கலாம் என்பதை அடுத்த இதழிலாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஐ.சி.யூ. செவிலியர் ஒருவர்