அவர் தோற்றுப்போனவர் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டென்னிஸ் ஆடுவதை விட்டுக் கல்லூரிப் பயிற்சியாளரான வீரரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கட்டுரை நன்றாக இருந்தது. 'தரவரிசையில் 500-க்குள் வர முடியாமல் தோற்று ஒதுங்கியவர்' என்ற வரிதான் மனதைக் குத்தியது.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். முப்பது வருடமாக டென்னிஸ் ராக்கெட்டுக்கு கட், அதாவது நரம்பு, போடுகிறேன். எங்கள் பக்கம் பாக்சிங், கேரம், கால்பந்து என்றால் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். டென்னிஸ் கோர்ட்டைத் தேடத்தான் வேண்டும். பிழைப்பெல்லாம் நுங்கம்பாக்கத்தில். 1997 முதல் 2017 வரை அங்கே சென்னை ஓபன் நடந்தபோது பெரிய ஆட்டக்காரர்களைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என்னைத் தேடி வந்தவர்கள் உலகத் தரவரிசையில் அறுநூறு, எண்ணூறு என்று நின்ற பிள்ளைகள்.

நீங்கள் எழுதிய அந்த வீரரும் அவர்களில் ஒருவர். கட் ரீல் வாங்கிக்கொண்டு வருவார். ஒரு ரீல் 200 மீட்டர். ராக்கெட்டுக்கு 12 மீட்டர் வீதம் பதினாறு ராக்கெட் போட்டால் எட்டு மீட்டர் மிஞ்சும். "அதைப் போட்டுடாதீங்கண்ணா, இன்னொண்ணுக்கு நெடுக்கு போட ஆகும்" என்பார். குறுக்குக்கு வேறு ரீலின் மிச்சம். அப்படி ஒட்டுப்போட்ட ராக்கெட்டோடுதான் ஊர் ஊராகப் போய் ஆடினார். அவர் ஆடிய போட்டிகளில் மொத்தப் பரிசே 15,000 டாலர். பட்டம் வென்றவருக்கே இரண்டாயிரத்துச் சொச்சம்தான். விமானம், தங்கும் அறை, சாப்பாடு எல்லாம் சொந்தச் செலவு. முதல் சுற்றில் தோற்றால் வந்த வழிச் செலவுகூடத் தேறாது. அப்படிப் பத்து வருடம் தாக்குப்பிடித்தவரை நான் எப்படித் தோற்றவர் என்பேன்?

இன்று அவர் ஒரு கல்லூரியில் பயிற்சியாளர். மாதம் ஒருமுறை மாணவர்களின் ராக்கெட்டுகளை ஒரே பையில் அள்ளிக்கொண்டு வருகிறார். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் தட்டிச் சத்தம் கேட்கிறார். "இந்தப் பொண்ணுக்குத் தோள்பட்டை வலிண்ணா, 46 பவுண்டு இறுக்கம் போதும். விறைப்பான பாலியஸ்டர் கட் வேணாம்." தன் முழங்கையைக் கெடுத்துக்கொண்டு கற்ற பாடம் அது. எந்தப் புத்தகம் படித்தும் வராது.

கல்லூரி டென்னிஸைச் சிறிதாக நினைக்க வேண்டாம். இந்திய வீரர் சோம்தேவ் தேவ்வர்மன் 2007, 2008 இரண்டு வருடமும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி அமெரிக்கக் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்றார். அதன்பிறகுதான் 2009-இல் வைல்டு கார்டு என்ற சிறப்பு அனுமதியில் நுழைந்து சென்னை ஓபன் இறுதி ஆட்டம் வரை வந்தார். அன்று நுங்கம்பாக்கத்தில் எழுந்த ஆரவாரம் இன்னும் என் காதில் இருக்கிறது.

வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் படிக்கிற பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு பயிற்சியாளர் கிடைக்க வேண்டும். ஆடி முடித்தவர்கள் எத்தனையோ பேர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கல்லூரிகள் கூப்பிட்டு வேலை தர வேண்டும் என்று தாங்கள் எழுத வேண்டும்.

போன வாரம் காசிமேட்டுப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார். அப்பா விசைப்படகில் வேலை செய்கிறவராம். அவள் கையில் இருந்தது அவருடைய பழைய ராக்கெட். மிச்சம் எடுத்துவைத்திருந்த எட்டு மீட்டரில் நெடுக்கு போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.