வளைவு வேண்டாம், வசந்தி

அன்பின் வசந்தி,

தைப்பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு ஆடிப்பிறப்பு முடிந்துதான் பதில் எழுதுகிறேன். நீ திட்டுவாய், சரி, திட்டு. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் உளைவு பழையபடிதான். நீ ஏறி விழுந்த கொய்யா மரம் காற்றுக்குச் சரிந்துவிட்டது. சின்னண்ணை இன்னும் அந்தக் கதையைச் சொல்லித் திரிகிறார்.

இப்போது எழுத வைத்தது வேறு விஷயம். எங்கள் நேசறி, அதுதான் ஊர் முன்பள்ளி, அதன் ரீச்சர் வேலையை விட்டுப் போய்விட்டார். 14 வருடம் இருந்தவர். போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்து திறப்பை என் கையில் தந்தார். சந்தையடியில் புதிதாகத் திறந்த கடையில் காசாளர் வேலையாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ஈ.பி.எஃப் பிடிக்கினம் அக்கா" என்று மட்டும் சொன்னார். 14 வருடம் நாங்கள் அவருக்கு அந்த ஊழியர் சேமலாப நிதியைப் பிடிக்கவில்லை, வசந்தி. நேசறியின் பொருளாளர் என்று கையெழுத்து வைத்தது நான்.

கணக்கைச் சொல்கிறேன். 23 பிள்ளைகள், தலைக்கு மாதம் 800 ரூபா. ஒழுங்காகக் கட்டுவது பதினைந்து பேர். தோட்டக் கூலிக்குப் போகிற தாயிடம் மிச்சக் காசு எங்கே என்று கேட்கவா முடியும்? வருகிற 12,000 ரூபாவில் கரண்ட் பில்லும் துணை ரீச்சரின் பங்கும் போக மிஞ்சியதுதான் அவர் கைக்கு. மாகாணத்தில் இருந்து மாதாமாதம் ஒரு தொகை வரும். அதற்குப் பெயர் 'கொடுப்பனவு'. சம்பளம் என்று எந்தக் கடிதத்திலும் எழுத மாட்டார்கள். எழுதினால் ஓய்வூதியம், லீவு எல்லாம் கேட்கலாமே.

இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று நாங்கள் பெருமையாகப் படித்தோமே, அது முதலாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. கட்டாயக் கல்விச் சட்டமும் ஐந்து வயதில் இருந்துதான். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்து முன்பள்ளியை மாகாணத்துக்குக் கொடுத்தது. மாகாணமோ தன் செலவில் பெரும்பகுதிக்குக் கொழும்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. கடைசியில் நேசறி என்பது கோயிலும் சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் இழுத்துப் போகிற வண்டி.

காசே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கென்று 2015இல் உலக வங்கி நாடு முழுவதற்கும் 50 மில்லியன் டொலர் ஒதுக்கியது. வறிய முன்பள்ளிப் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு பிள்ளைக்கு 60 ரூபா இருந்ததை, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 100 ஆக்கினார்கள். அது நல்ல காரியம். வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை பத்து மணிக்குச் சுவரில் சாய்ந்து நித்திரை கொள்வதைக் கண்டவளுக்கு அந்த 40 ரூபாவின் அருமை தெரியும். ஆனால் கட்டடத்துக்கு, மலசலகூடத்துக்கு, சறுக்கிக்கு, கஞ்சிக்கு என்று வழி இருக்கிறது. அந்தக் கஞ்சியை ஊட்டி, மூக்குத் துடைத்து, 'அ' எழுதக் கை பிடிக்கிறவளுக்கு வழி இல்லை. ரீச்சரின் சம்பளத்துக்கு உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "மூலதனச் செலவு என்றால் பார்க்கலாம், மீண்டெழும் செலவுக்குத் தலைப்பு இல்லை" என்றார்கள். கட்டடம் போல ஒருமுறைச் செலவுக்குக் காசு உண்டு, மாதாமாதச் சம்பளத்துக்கு இல்லை என்று அர்த்தம். மதிலுக்கு விண்ணப்பம் போடச் சொன்னார்கள். எங்களிடம் மதில் இருக்கிறது.

போருக்குப் பிறகு வன்னியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் நேசறி ரீச்சர்மாரைத் தன் சம்பளத்தில் எடுத்தது உனக்கு நினைவிருக்கும். மற்ற ரீச்சர்மார் வாங்கியதைவிட அது பல மடங்கு. சின்னப் பிள்ளைகளின் பள்ளியைப் பாதுகாப்புத் தரப்பு நடத்துவது எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் அரசு நினைத்தால் சம்பளம் கொடுக்கும் என்பதை அதில்தான் கண்டேன்.

கனடாவில், உங்கள் ஸ்காபரோவில், பேத்தியின் டேகெயாருக்கு ஒரு நாளைக்கு 22 டொலர், அரசு சொன்ன பத்து டொலருக்கு இன்னும் வரவில்லை என்று நீ எழுதியிருந்தாய். வாசித்து அன்றைக்கு நித்திரை வரவில்லை. அது இங்கே ஒரு பிள்ளையின் ஐந்து மாதக் காசுக்கு மேல். உன்னோடு போட்டிக்குச் சொல்லவில்லையடி. உங்கள் அரசு 2021இல் ஐந்து வருடத்துக்கு 30 பில்லியன் டொலர் ஒதுக்கியது என்றால், பிள்ளையைப் பார்ப்பது ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு என்று ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம். அப்படி ஒரு வசனம் இங்கேயும் எழுதப்பட வேண்டும். அதற்காக நானும் மற்ற நேசறிகளின் பொருளாளர்களும் சேர்ந்து மாகாணத்துக்கு ஒரு மனு எழுதுகிறோம்.

அதுவரைக்கும் உன்னிடம் ஒன்று. அங்கே உங்கள் ஊர்ச் சங்கம் எங்கள் நேசறி வாசலில் வளைவு கட்ட 20 இலட்சம் ரூபா சேர்க்கிறதாம். வளைவு வேண்டாம் என்று கூட்டத்தில் நீ எழும்பிச் சொல்ல வேண்டும். அந்தக் காசை இங்கே வங்கியில் நிலையான வைப்பில் போட்டால், எட்டு வீதம் என்றால்கூட மாதம் 13,000 ரூபா சொச்சம் வரும். அதோடு கொடுப்பனவையும் சேர்த்தால் ஒருத்தியை மரியாதையாக வைத்திருக்கலாம், ஈ.பி.எஃப்பும் கட்டலாம். பேர் பொறிக்க வேண்டும் என்பவர்களின் பேரைச் சுவரில் நானே என் கையால் எழுதுகிறேன்.

கூட்டம் எப்போது என்று உடனே எழுது. திறப்பு இன்னும் என்னிடம்தான். காலையில் துணை ரீச்சரோடு நானும் போய் நிற்கிறேன். நேற்று ஒரு குட்டி என் சேலைத் தலைப்பைப் பிடித்து, "எங்கட ரீச்சர் எப்ப வருவா?" என்று கேட்டது.

அன்புடன்,
சாந்தி
சுழிபுரம்